அட்டையில் எழுதியிருக்கும் ‘அரும்பு’



முதற்பருவம் முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாட்கள் இவை. கரிசல் காட்டில் புரட்டாசி விதைப்புக்காக வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் நாட்களும் இவையே. பாலவனத்தத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு சந்திப்புக்குச் சென்றபோது, மழைக்காக ஜெபிக்கச் சொன்னவர்களுக்குச் சமமாகப் பிள்ளையின் மதிப்பீட்டைக் குறித்து ஜெபிக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஜெபித்தேன். அந்த அட்டையை வாசிக்கத் தெரிந்துகொண்டு ஜெபித்தால் இன்னும் நலமாயிருக்கும் என்று எண்ணியே இந்த வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

உங்களில் பலரைக் கலங்கச் செய்திருப்பது ‘அரும்பு’ என்னும் ஒற்றைச் சொல். “எங்க பிள்ள அரும்பாம்யா” என்று, மருத்துவர் ஏதோ நோயின் பெயரைச் சொல்லிவிட்டதைப் போலச் சொன்னார் ஒரு பாட்டி. அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில் மூடப்பட்ட நம் பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஒன்றாம் வகுப்பறையின் உள்ளே ஒரு நாளும் நுழையாமலே இரண்டாம் வகுப்பில் வந்து அமர்ந்த பிள்ளைகள் நம் சபையிலேயே உண்டு. இந்த இழப்பை ஈடுசெய்வதற்காக, 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். 2025ஆம் ஆண்டுக்குள் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவரும் பிழையின்றி வாசிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது. அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

இத்திட்டத்தில் பிள்ளைகளை வயதைக் கொண்டோ வகுப்பைக் கொண்டோ மட்டும் பிரிப்பதில்லை. இப்போது எதுவரை கற்றிருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்பக் குழுவாக அமர்த்துகிறார்கள். ஒன்றாம் வகுப்புக்குரிய நிலையில் இருப்போர் அரும்பு. இரண்டாம் வகுப்பு நிலையில் இருப்போர் மொட்டு. மூன்றாம் வகுப்பு நிலையை எட்டியோர் மலர். தமிழ், ஆங்கிலம், கணக்கு ஒவ்வொன்றுக்கும் நிலை தனித்தனி. கணக்கில் மலராக இருக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் அரும்பாக இருக்கலாம். அப்படியானால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பு என்று இருப்பதில் கவலைக்கு இடமே இல்லை. அங்கே எல்லாரும் அரும்புதான்! மேலே சொன்ன பாட்டியின் பேத்தி ஒன்றாம் வகுப்பு. விளக்கிச் சொன்ன பிறகு, “இத மொதல்லயே சொல்லியிருந்தா நாலு நாள் தூங்கியிருப்பேனே” என்றார்.

பருத்தி விதைத்தவர்கள் நீங்கள். சப்பை பிடிக்கும் பருவத்தில் காட்டுக்குள் போய், வெடித்த பஞ்சு எங்கே என்று எவரும் தேடுவதில்லை. சப்பை கொட்டாமல் நிற்கிறதா, செடிக்கு இந்த வாரம் என்ன தேவை என்றுதான் பார்ப்பீர்கள். மாற்கு சுவிசேஷத்தின் நான்காம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன சிறிய உவமை ஒன்று உண்டு. மற்ற சுவிசேஷங்களில் இல்லாதது. ஆகவே பிரசங்கங்களிலும் அதிகம் இடம்பெறாதது. விதைத்த மனிதன் இரவில் உறங்கிப் பகலில் எழுகிறான். பயிரோ அவன் அறியாத வகையில் முளையாகிறது, பின்பு கதிராகிறது, பின்புதான் கதிரில் மணி பிடிக்கிறது. அந்த வரிசையில் முளையைக் குறைவானது என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த மனிதன் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டதாகவும் சொல்லவில்லை. விளைந்தது என்று கண்டவுடன் அரிவாளோடு வந்து நிற்கிறான். எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அட்டையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் ஒருபுறம் இருக்க, அதை மடித்துச் சாமான் அலமாரியில் செருகிவிட்டு, “எப்படியும் பாஸ் போட்டுருவாங்க” என்று இருக்கிறவர்கள் மறுபுறம் இருக்கிறார்கள். அஞ்சுகிறவர்களைவிட இவர்களைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது. பின்னர் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியது. நம் மாநிலத்திலும் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று 2019இல் அறிவிப்பு வந்து, பத்து வயதுப் பிள்ளைகள் சில மாதங்கள் திகிலோடு படித்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. நல்லதே நடந்தது என்பது என் எண்ணம். ஆனால் இதன் விளைவை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். மூன்றிலிருந்து நான்காம் வகுப்புக்குத் தேர்ச்சி என்று எழுதியிருப்பது, பிள்ளைக்கு ஒரு வயது கூடியிருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் உங்களுக்குச் சொல்வதில்லை. அரும்பா மொட்டா என்பதுதான் எதையாவது சொல்கிறது. நம் வீடுகளில் தேர்ச்சிக்கு மிட்டாய் வாங்குகிறோம். நிலையைச் சொன்னால் ஒன்று அழுகிறோம் அல்லது அலட்சியப்படுத்துகிறோம்.

அட்டைகளில் வரும் வேறிரண்டு சொற்களும் பலருக்கு விளங்குவதில்லை: வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு. 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையோடு நம் பள்ளிகளுக்கு வந்தவை இவை. பருவத்தின் நடுவில் பிள்ளை செய்யும் செயல்கள், சிறு தேர்வுகள், பாடல், படம், பேச்சு ஆகியவற்றைப் பார்த்து ஆசிரியர் இடுவது வளரறி, அதற்கு 40. பருவத்தின் முடிவில் எழுதும் தேர்வு தொகுத்தறி, அதற்கு 60. பெயரிலேயே பொருள் இருக்கிறது. ஒன்று வளரும்போதே அறிவது, மற்றொன்று தொகுத்து அறிவது. சமையலில் குழம்பு கொதிக்கும்போது உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பது போன்றது முதலாவது; பந்தியில் அமர்ந்தவர் சொல்வது இரண்டாவது. குறையைத் திருத்த இடமிருப்பது உள்ளங்கையில் பார்க்கும்போதுதான். ஆனாலும் நாம் 60க்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுகிறோம்.

மதிப்பீடு என்றாலே நமக்கு அச்சம் வருவதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு என்று நினைக்கிறேன். சென்னை மாகாணத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தேர்ச்சிக்கேற்ப மானியம் என்றொரு முறை இருந்தது. பள்ளி ஆய்வாளர் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார்; எத்தனை பேர் எதில் தேறினார்கள் என்பதைக் கணக்கிட்டுப் பள்ளிக்குப் பணம் வரும். மிஷன் பள்ளிகளும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. ஆசிரியரின் அடுத்த மாதச் சோறு ஏழு வயதுப் பிள்ளையின் நாவில் இருந்தது என்றால், அந்தப் பிள்ளையின் முதுகு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ‘இன்ஸ்பெக்டர் வருகிறார்’ என்ற நடுக்கம் நம் தாத்தா பாட்டிகள் வழியாக நம்மிடம் இறங்கியிருக்கிறது.

நம் ஊருக்கு இதைவிட நல்ல நினைவும் உண்டு. பாலவனத்தம் ஜமீன்தாராக இருந்த பாண்டித்துரைத் தேவர் 1901ஆம் ஆண்டு மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அந்தச் சங்கம் தமிழில் தேர்வுகளும் நடத்தியது என்பதைப் பலர் அறியார். பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படிகள். பிரவேசம் என்றால் நுழைவு. அந்தத் தேர்வு எழுதியவரைப் பண்டிதம் தேறாதவர் என்று எவரும் இகழ்ந்திருக்க மாட்டார்கள். வாசலுக்குள் வந்துவிட்டார் என்றே கொண்டிருப்பார்கள். மூன்று படிகளுக்கும் மூன்று மரியாதையான பெயர்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டவர்கள் பாலவனத்தத்தாரை நினைத்துக்கொண்டு பெயரிட்டிருக்க மாட்டார்கள். எனினும் நமக்கு அது அந்நியமான ஏற்பாடு அன்று.

இனி ஒரு குடும்பத்தைப் பற்றி அவர்களுடைய அனுமதியோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம். சென்ற ஆண்டு இதே பருவத்தில் மூன்றாம் வகுப்பில் இருந்த சிறுவன் தமிழில் அரும்பு என்று வந்தது. மூன்றாம் வகுப்பில் அரும்பு என்பது கவனிக்க வேண்டியதே. தாயார் காட்டு வேலைக்குப் போகிறவர். தந்தைக்கு வெளியூரில் வேலை. நான் போனபோது அந்தச் சகோதரியின் காதுகள் வெறுமையாக இருந்தன. தோட்டை அருப்புக்கோட்டையில் அடகு வைத்திருந்தார். அடுத்த ஜூனில் ஆங்கிலப் பள்ளி ஒன்றில் பையனைச் சேர்க்க முன்பணம் கட்டுவதற்காக. “இன்னும் அரும்புலயே நிக்கான்னா அவனுக்கு மண்டையில ஏறாதுன்னுதானங்கய்யா அர்த்தம்? வேற பள்ளிக்கூடத்துக்குப் போனாலாவது ஏறுமான்னு பாக்கேன்” என்றார். பையன் கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மண்டையில் ஏறாது என்பதை அவன் எத்தனை முறை கேட்டிருப்பான் என்று நான் எண்ணினேன்.

“ஆசிரியரிடம் கேட்டீர்களா அம்மா?” என்றேன். “கையெழுத்துப் போடக் கூப்பிட்டாங்க. போட்டேன். வேலைக்கு நேரமாச்சு” என்றார். பள்ளி திறந்ததும் இருவரும் போனோம். இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, கைப்பேசிச் செயலியில் எதையோ பதிவேற்ற முயன்றுகொண்டிருந்தார் ஆசிரியை. களைத்திருந்தார். ஆனால் பையன் பெயரைச் சொன்னதும் தயக்கமில்லாமல் விடை வந்தது: “எழுத்தெல்லாம் தெரியும் ஐயா. கொம்பைப் பார்த்த அவசரத்தில் பின்னால் வரும் துணைக்காலை விட்டுவிடுகிறான். கொடியைக் கெடி என்பான். தோடு என்று எழுதிப் போட்டால் தேடு என்று வாசிப்பான். அதனால் வாக்கியம் கூடி வருவதில்லை.” அந்தத் தாய் தன்னையறியாமல் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சபையாரே, அந்த அட்டையில் அரும்பு என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான். மண்டை அல்ல, பள்ளிக்கூடம் அல்ல, ஒரு துணைக்கால். ஆசிரியை சில அட்டைகள் எழுதிக் கொடுத்தார்: கொடி, சோறு, தோடு, மோர், பொரி. அந்தத் தாய்க்கு வாசிக்கத் தெரியாது. பொருளையே அருகில் வைத்து, பையன் சரியாகச் சொல்கிறானா என்று கேட்டார். மோர் என்று எழுதியதை அவன் மேர் என்று வாசித்தால், தம்ளரைக் காட்டி, “இதுல என்ன இருக்கு?” என்பார். எழுத்தறியாத தாய் தன் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்ததை நான் கண்ணால் கண்டேன். மூன்றாம் பருவத்தில் பையன் ஆலய அறிவிப்புப் பலகையை முழுதும் வாசித்தான். ஆங்கிலத்தில் இன்னும் அரும்புதான். அதையும் மறைக்காமல் சொல்கிறேன். முன்பணம் கட்டப்படவில்லை. தோட்டுக்கு வட்டி மட்டும் சில மாதங்கள் போயிற்று.

எல்லாப் பிள்ளைக்கும் இப்படி எளிதாக முடியும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பருவத்துக்கு மேல் பிள்ளை அதே இடத்தில் நின்றால் முதலில் கண்ணையும் காதையும் சோதிக்க வேண்டும். கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்லாது. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழுவினரிடம் கேட்கலாம். கண்ணும் காதும் நன்றாயிருந்தும், மற்றவற்றில் சுறுசுறுப்பாக இருக்கும் பிள்ளை எழுத்துகளை மட்டும் பிடிக்க முடியாமல் திணறினால், அது கற்றல் குறைபாடாக இருக்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. வட்டார வள மையத்தில் இதற்கென்று சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். சோம்பேறி என்று அடிபட்டே வளர்ந்து, பத்தாம் வகுப்பில் நின்றுபோன பிள்ளைகளை ஒவ்வொரு ஊரிலும் காண்கிறோம். அவர்களில் எத்தனை பேருக்கு இது இருந்ததோ, கர்த்தர் அறிவார்.

நம்முடையது பொதுத் தேர்வு முடிவுகளில் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்ற மாவட்டம். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை; வானம் பார்த்த பூமியில் பிள்ளைகளின் படிப்பே நமக்குக் கண்மாய்த் தண்ணீர். ஆனால் பன்னிரண்டாம் வகுப்புக்குரிய அளவுகோலை எடுத்து ஐந்து வயதுப் பிள்ளையின் மேல் வைக்கிறோம். தனியார் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் எல்.கே.ஜி.யிலேயே ரேங்க் வாங்குகிறார்கள். இரண்டாம் ரேங்க் வாங்கியதற்காக வாசலில் நிற்க வைக்கப்பட்ட ஒரு மழலையை இந்த ஊழியத்தில் பார்த்திருக்கிறேன். நிற்க வைத்தது பள்ளியல்ல, வீடு. மூன்றாம் வகுப்புகளில் சில நேரம் மாநில அளவிலோ நாடு தழுவியோ கணக்கெடுப்புத் தேர்வுகளும் நடக்கும்; 2024 டிசம்பர் 4 அன்று நடந்தது அத்தகையது. அவை பள்ளிகளின் பொது நிலையை அறிவதற்கானவை. உங்கள் பிள்ளைக்கு அதில் மதிப்பெண் கிடையாது. அதற்காக டியூஷன் வைக்க வேண்டியதும் இல்லை.

ஆசிரியர்களின் நிலைமையும் நம் ஜெபத்தில் இருக்கட்டும். பதிவேற்றும் வேலை கற்பிக்கும் நேரத்தைத் தின்னுகிறது என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மேலிடத்துக்குப் போகும் எண் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை எங்கும் எழக்கூடியதே. ஆகையால் மலர் என்று வந்தாலும் ஒரு முறை நீங்களே பாருங்கள். பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். பெட்டிக்கடையில் ஐம்பது ரூபாய் கொடுத்து, மீதி எவ்வளவு என்று பிள்ளையிடம் கேளுங்கள். ஆசிரியரைச் சந்திக்கும்போது, என் பிள்ளை எத்தனையாவது என்று கேட்பதை விட்டுவிட்டு, இப்போது அவனுக்கு என்ன தெரியும், எங்கே தடுக்குகிறான், வீட்டில் இந்த மாதம் நான் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை எதிர்பார்த்து வருடக்கணக்காகக் காத்திருக்கும் ஆசிரியர்கள் உண்டு. அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கூட்டம் என்று சொல்லி அனுப்பினால் ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் போங்கள் என்றே சொல்லுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் ஆலயத் தாழ்வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். நம் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர் வர இசைந்திருக்கிறார்கள். அட்டையை எடுத்து வாருங்கள். எந்தப் பள்ளியின் அட்டையானாலும் சரி. வாசிக்கத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம், முதலில் உங்களுடையதைத்தான் பார்ப்போம். பெரியவர்கள் மூக்குக் கண்ணாடியை மறவாதீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு அவர்களைப் பற்றிப் பேச வேண்டாம். அந்நேரம் அவர்கள் வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருக்கட்டும்.